கேம்ப்: நம் பாடசாலை முகாமும் நம் முன்னோர் கண்ட முகாம்களும்

நூற்றாண்டு மலருக்காக, விடுதி மாணவியர் சென்ற வார இறுதி முகாம்களைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுச் சகோதரிகள் கேட்டிருந்தார்கள். நான் வரலாறு படித்தவள் அல்ல, வைத்தியர். ஆனால் நோயாளி வந்து அமர்ந்ததும் "எப்போது தொடங்கியது?" என்று கேட்டுப் பழகியவள். அந்தக் கேள்வியை நம் முகாமைப் பற்றியும் கேட்டுப் பார்த்தேன். விடை நம் பாடசாலை மைதானத்தோடு நிற்கவில்லை. அது என் அப்பாயியின் இஸ்தோப்பு வரை போனது.

1993 செப்டெம்பரில், கிறிஸ்தவ மாணவியர் குழு நடத்தும் மூன்று நாள் முகாமுக்கு விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் வரலாம் என்று அறிவித்தார்கள். எந்தச் சமயத்தவரும் வரலாம். வெள்ளி பின்னேரம் புறப்பட்டு ஞாயிறு திரும்புவது. இடம், எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டம். அனுமதிக் கடிதத்தில் கையொப்பம் வாங்க வீட்டுக்குப் போனேன். எங்கள் வீடு கேகாலை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில். அப்பாயி இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பாயி, அடுத்த மாசம் கேம்புக்குப் போறேன்" என்றேன்.

சுளகு நின்றது. "கேம்புக்கா? ஏன்டி பிள்ள, ஒங்க இஸ்கூல் பக்கம் என்னா கொழப்பம்?"

குழப்பம் ஒன்றும் இல்லை, கூடாரம் அடித்து, பாட்டுப் பாடி, சமைத்துச் சாப்பிட்டு வருவோம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. "என்னைக்கு திருப்பிக் கொண்டாந்து விடுவாங்க? அத எழுதித் தந்திருக்காங்களா?" என்று கேட்டார். ஞாயிறு மாலை நான்கு மணி என்று கடிதத்தில் இருந்தது. அந்த ஒரு வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். எனக்கு அப்போது 14 வயது. சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கூடாரம் நம் பாடசாலைகளுக்கு வந்த வழி

பிள்ளைகளை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோய்க் கூடாரத்தில் தங்கவைத்துப் பழக்கும் முறை, மிகப் பழைய பழக்கம் அல்ல. 1907 ஓகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிறவுண்சீ தீவில் பேடன் பவல் ஏறக்குறைய இருபது சிறுவர்களோடு நடத்திய முகாமிலிருந்து சாரணியம் பிறந்தது. 1909இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைக்கப்படாமலே பெண்பிள்ளைகளும் வந்து நின்று "எங்களையும் சேருங்கள்" என்றார்கள். அடுத்த ஆண்டு பெண் சாரணியம் தனி அமைப்பானது.

இலங்கையில் 1912இல் மாத்தளையில் முதல் சாரணர் குழு தோன்றியது. ஐந்து ஆண்டுகளில், 1917இல், கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கல்வர்லி என்னும் ஆசிரியை முதல் பெண் சாரணியர் குழுவைத் தொடங்கினார். அது மெதடிஸ்த மிஷன் பாடசாலை. அங்கிருந்து மற்ற மிஷன் பாடசாலைகளுக்கும் இந்த இயக்கம் பரவியது. பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றிருந்த காலம் அது. நம் மூத்த அக்காமார் அந்தக் காலத்தில் முடிச்சுப் போடவும், மழையில் அடுப்பு மூட்டவும், இரவு முறை வைத்துக் காவல் இருக்கவும் கற்றார்கள். அது சிறிய காரியமல்ல.

தேவாலயக் குழுக்களின் முகாமுக்கு இன்னொரு வேரும் உண்டு. 1801இல் அமெரிக்காவின் கென்டக்கியில், கேன் ரிட்ஜ் என்ற இடத்தில், ஆயிரக்கணக்கான மக்கள் வண்டிகளிலும் கூடாரங்களிலும் நாட்கணக்கில் தங்கி ஜெபித்தார்கள். கேரளத்தில் 1895 முதல் பம்பை ஆற்று மணலில் பந்தல் போட்டு மாராமண் கூட்டம் நடக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முந்தியது யூதரின் கூடாரப் பண்டிகை. அவர்கள் நாட்டின் இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்த கையோடு, ஏழு நாட்கள் இலைக் குடிசைகளில் தங்குகிறார்கள். நல்ல வீடு இருந்தும் ஏன் குடிசைக்குப் போக வேண்டும்? முன்னோர் வீடின்றி வனாந்தரத்தில் அலைந்ததை, வீடுள்ள பிள்ளைகள் மறந்துபோகாதிருக்க.

மண்டபம்

அப்பாயிக்குக் 'கேம்ப்' என்ற சொல் வந்த வழி வேறு. ஏழு எட்டு வயதுச் சிறுமியாக, 1920களின் பிற்பகுதியில், அவர் தாய் தகப்பனோடு புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கிய பின், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் வரும் பெருவழி அதுவானது. கடலைத் தாண்டுமுன் எல்லோரும் மண்டபத்தில் இறங்க வேண்டும். அங்கே, இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கம் நடத்திய தனிமைப்படுத்தல் முகாம் இருந்தது. இன்றும் அந்தப் புகையிரத நிலையத்தின் பெயர் மண்டபம் கேம்ப்.

கொள்ளைநோய், வாந்திபேதி, பெரியம்மை ஆகியவை தோட்டங்களுக்குள் வராமல் தடுப்பதே அந்த முகாமின் நோக்கம். வந்தவர்களைச் சில நாட்கள் தடுத்து வைத்துக் கவனித்தார்கள். அம்மை குத்தினார்கள். உடுதுணியை ஆவியில் அவித்துக் கிருமி நீக்கினார்கள். கொளுக்கிப் புழுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். இந்தப் புழு தோட்ட மக்களின் இரத்தத்தை எப்படி வற்றச் செய்கிறது என்பது, 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனம் தொடங்கிய சிகிச்சை இயக்கத்தால் நன்கு தெரிந்திருந்தது. கொழும்பு வழியே வந்தவர்களுக்கு இராகமையில் ஒரு முகாம் இருந்தது. போயர் போர்க் கைதிகளில் ஒரு பகுதியினரை அடைத்து வைத்ததும் அந்த இராகமை முகாமில்தான்.

வைத்தியராக நான் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லிவிட முடியாது. தனிமைப்படுத்தலும் தடுப்பூசியும் உயிர் காத்தவை. ஆனால் அப்பாயி நினைவில் வைத்திருந்தது வேறு. ஆண்களையும் பெண்களையும் பிரித்துக் குளிக்க விட்டார்கள், அவித்த துணி சுருங்கிப்போய்த் திரும்பி வந்தது, எப்போது போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. "எண்ணி எண்ணி உட்கார வச்சாங்க" என்பார். மருந்து என்ன, ஏன், எத்தனை நாள் என்று அந்தச் சிறுமிக்கு ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பயம் எழுபது ஆண்டு நீடித்திருக்காது. இதை என் பயிற்சி வைத்தியர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

மண்டபத்திலிருந்து கப்பல், பிறகு புகையிரதம். கொழும்பிலிருந்து களனிவெளி ஒடுக்கப் பாதை அவிசாவளையில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்கும் மற்றது 1912 முதல் இரத்தினபுரிக்கும் போனது. சப்ரகமுவவின் இறப்பரை இறக்கவும் ஆட்களை ஏற்றவும் போட்ட பாதை அது. எட்டியாந்தோட்டைக் கிளையின் தண்டவாளம் இரண்டாம் உலகப் போரின்போது கழற்றப்பட்டது. அப்பாயி இறங்கிய நிலையத்தில் நான் இறங்க வழியில்லை.

படிப்பும் அதே பாதையில் நடந்து வந்ததுதான். 1854இல் கண்டிப் பகுதியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்கு, திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் முதல் மிஷனரியாக வந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந் தோட்டமாக நடந்து எழுத்தும் ஜெபமும் சொல்லிக் கொடுத்தார்கள். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களில் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் துரைமார் மேல் வைத்தது. ஆயினும் பெண்பிள்ளை கொழுந்துக் கூடையையோ பால் வாளியையோ தூக்கும் வயது வரும்வரையே படித்தாள். அதற்குமேல் படிக்க நம்மைப் போன்ற விடுதிப் பாடசாலைகளே வழி. அப்பாயி கையெழுத்துத் தெரியாதவர். அவர் பேத்தி விடுதியில் படித்தாள்.

மறுபடியும் மண்டபம்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தோடு தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், அதன்பின் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் போனது. இறங்கியவர்கள் மறுபடியும் மண்டபம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

என் அத்தை, அப்பாயியின் மூத்த மகள், புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் 1970களில் அப்படிப் போனவர். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு வைத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில் மண்டபம் கேம்ப் பற்றி எழுதியிருந்தார். அதை வாசிக்கக் கேட்ட அப்பாயி, "நான் வந்த எடத்துக்கே என் மக போயிட்டா" என்று மட்டும் சொன்னாராம். தாயும் மகளும் அதன்பின் சந்திக்கவில்லை.

கலவர முகாம்கள்

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பவை. சப்ரகமுவவில் அப்படி அல்ல. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலை எங்கு பார்த்தாலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. நல்ல காலத்தில் அது கொடுக்கல் வாங்கலுக்கு வசதி. கெட்ட காலத்தில் ஓடி ஒளிய இடமில்லை. 1977 ஓகஸ்ட்டிலும், 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும், 1983 ஜூலையிலும் லயங்கள் எரிந்தன. பாடசாலைகளும் கோயில்களும் முகாம்களாயின.

1977க்குப் பின் பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். அவர்களைக் குடியமர்த்திய காந்தியம் அமைப்பின் செயலாளர் இராஜசுந்தரம் ஒரு வைத்தியர். 1983 ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் அவர் கொல்லப்பட்டார். எங்கள் குடும்பம் போகவில்லை. 1983இல் எனக்கு நான்கு வயது. முதல் இரவு கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவர் எங்களைத் தன் வீட்டு இறப்பர் சீட் காயவைக்கும் அறையில் வைத்துக் காத்தார். பிறகு இரண்டு கிழமை ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். எனக்கு நினைவில் இருப்பது, அப்பாயி என் கையைத் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு தூங்கியது மட்டும்தான். அதே மாதங்களில் மண்டபம் முகாம் மூன்றாம் தடவையாக நிரம்பியது, இம்முறை அகதிகளால்.

இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலர் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போன வழியில் ஒரு முகாமைக் கடந்திருப்பீர்கள். சிலருடைய உறவினர் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்திருப்பார்கள். அந்தச் சொல் உங்கள் வீட்டிலும் ஒருவருடைய சுளகை நிறுத்தியிருக்கும்.

எட்டியாந்தோட்டையில் மூன்று நாள்

இனி நம் முகாம். ஐப்பசி மழையை நம்பி யாரும் கூடாரம் அடிக்கக் கூடாது என்பதை முதல் இரவே கற்றோம். இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். கேகாலையின் மலைச்சரிவும் அதற்குச் சளைத்ததல்ல. ஒக்டோபரில் காலை வெயிலும் பின்னேரம் இடியும் மழையும். வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கூடாரங்களுக்குள் தண்ணீர் ஓடியது. தோட்டத்துப் பெண்கள் படங்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து எங்களைப் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்துப் போனார்கள். தங்கள் வீடுகளிலிருந்து பாயும் சீலையும் கொண்டுவந்தார்கள். சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் தந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவ்வளவு மாவு எந்தெந்த வீட்டிலிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

எனக்குப் பாய் விரித்த அம்மா, "நீ எந்தப் பக்கம் பிள்ள?" என்று கேட்டார். என் பேச்சில் அவருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். அருகில் என் வகுப்புத் தோழிகள் நின்றார்கள். "கேகாலை டவுன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு விளக்கைத் தணித்தார். விடுதியில் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்த பொய் அது. ஆனால் லயத்து மனுஷி ஒருவரின் முகத்தைப் பார்த்து, அவருடைய பாயில் உட்கார்ந்துகொண்டு, அன்றுதான் முதல் தடவை சொன்னேன்.

சனிக்கிழமை விடிந்ததும் பால்வெட்டுப் பார்க்கப் போனோம். வெயில் ஏறுமுன் மரத்துக்கு மரம் ஓடி, மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கிறார்கள். ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலி எப்படி என்பதை அங்கே ஒரு தோழி கேட்டாள். நான் பதில் தெரிந்தும் பேசாமல் நின்றேன். பிற்பகல் கித்துல்கலைக்கு நடத்திக் கூட்டிப்போய், 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காகப் பாலம் கட்டிய இடத்தைக் காட்டினார்கள். அதுவும் ஒரு முகாமின் கதை, போர்க் கைதிகளின் முகாம்.

ஞாயிறு காலை, முகாமுக்குப் பொறுப்பான ரீச்சர் கூடாரப் பண்டிகையைப் பற்றிப் பேசினார். பேசி முடித்துவிட்டு, "உங்கள் வீட்டில் யாராவது கூடாரத்திலோ முகாமிலோ இருந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை. இப்போது எண்ணிப் பார்க்கிறேன், அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் கட்டாயம் ஒரு கதை இருந்திருக்கும்.

பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாயி கேட்ட முதல் கேள்வி, "நாலு மணிக்கு கொண்டாந்து விட்டாங்களா?" விட்டார்கள் என்றேன். "அப்ப நல்ல கேம்புதான்" என்றார்.

திரும்பும் நேரம்

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்காவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்கள் புதையுண்டன. இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய ஒரு பாடசாலையில் மருத்துவ முகாம் நடத்த நான் போயிருந்தேன். இரத்த அழுத்தம் பார்க்கக் கை நீட்டிய ஒரு பாட்டி கேட்டார், "டொக்டரம்மா, எப்ப வீட்டுக்குப் போகலாம்?" என்னிடம் விடை இல்லை. அவர் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. "அம்மா எந்தப் பக்கம்?" என்று பேச்சை மாற்றினார். இந்தத் தடவை தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், லயத்தின் இலக்கத்தோடு. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மண்டபமும் கலவரப் பாடசாலையும் மண்சரிவு முகாமும் நம் எட்டியாந்தோட்டைக் கூடாரமும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. நிலம் ஈரம், அடுப்பு பொது, தூக்கம் அரைகுறை. இவை எல்லாவற்றிலும் ஒன்றுதான். வித்தியாசம் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரி. நமக்குத் திரும்பும் நேரம் எழுதித் தரப்பட்டிருந்தது, அவர்களுக்கு இல்லை.

நூற்றாண்டு ஆண்டில் விடுதிப் பிள்ளைகளின் முகாமை மீண்டும் தொடங்க வேண்டும் என்று நம் சங்கத்தில் பேச்சு வந்திருக்கிறது. முழு மனதோடு வரவேற்கிறேன். வைத்தியராகச் சில வார்த்தைகள்: மலைச்சரிவில் முகாம் போடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். சப்ரகமுவவில் எலிக்காய்ச்சல் அதிகம், எனவே காலில் காயமுள்ள பிள்ளையைச் சேற்றிலும் வயல் நீரிலும் இறக்க வேண்டாம். முகாம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தாள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அட்டைக்கு என் அப்பாயி முடிந்து தந்த உப்பு போதும்.

பழைய மாணவியாக ஒரு வேண்டுகோள். அனுமதிக் கடிதத்தோடு ஒரு வெற்றுத்தாளும் கொடுத்தனுப்புங்கள். தங்கள் வீட்டில் முகாமில் இருந்த ஒருவரைப் பற்றி, அவர் இருந்த இடம், ஆண்டு, எத்தனை நாள், யார் சோறு தந்தார் என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்டு எழுதி வரட்டும். முதல் இரவு அதை வாசிக்கட்டும். அந்தத் தாள்களைச் சேர்த்து நூலகத்தில் வைத்தால் அடுத்த நூற்றாண்டு மலரை எழுதுபவருக்கு உதவும். உலகெங்குமுள்ள சகோதரிகளும் உங்கள் தாள்களை எழுதி அனுப்பலாம். என்னுடையதை நான் எழுதிவிட்டேன். அப்பாயி 1999இல் காலமானார், அவருக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை.

முகாம் அறிவித்தலில் திரும்பும் நேரத்தை மறவாமல் போடுங்கள். வீட்டில் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லும் ஒருவர் இருக்கக்கூடும்.